எட்டுச் சுற்று

அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

வாயாடி எழுதிக்கொள்வது. நான், என் வீட்டுக்காரி, என் முழங்கால் வலி, மூவரும் சௌக்கியம். உன் மூச்சு எப்படி இருக்கிறது? நாலாவது மாடியில் காற்று நன்றாக வருகிறது என்று உன் மகள் சொன்னாள். செவ்வாய்க்கிழமை இங்கே அடித்த காற்றில் ஒரு கைப்பிடி அனுப்பியிருந்தால் உனக்குப் பத்து வருஷத்துக்குக் காணும்.

புயலைப் பற்றி டிவியில் பார்த்திருப்பீர்கள். உன் மகள் போன் செய்தபோது "எல்லாரும் உயிரோட இருக்கோம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மற்றதைக் கடிதத்தில் எழுதினால், நீ திட்டுவது வந்துசேரப் பத்து நாளாவது ஆகும் என்று ஒரு கணக்கு.

நம் காட்சிசாலையின் விமானக் கொட்டகைக்குக் கூரை இல்லை. தகடுகள் பெரிய சாலை வரை நடந்து போயிருக்கின்றன. ஒன்று பல் வைத்தியர் வாசலில் சாய்ந்து நிற்கிறது. அதைக் கார் நிறுத்தும் இடத்துக்குக் கூரையாக வைத்துக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கேட்டனுப்பியிருக்கிறார். ஏழு பழைய விமானங்களில் ஐந்தைப் பெருக்கித்தான் அள்ள வேண்டும். மிஞ்சியது இரண்டு. ஒன்று அந்த வெள்ளி நிறத் தகர டப்பா. சுவரில் மோதி மூக்கு உள்ளே போய்விட்டது.

இன்னொன்று உன் மஞ்சக்குருவி. கயிறெல்லாம் பிடித்துத்தான் இருந்திருக்கிறது அக்கா, வளையங்கள்தான் தரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. நாலு சிறகில் ஒன்றுதான் பாக்கி. மல்லாக்கப் போட்ட கரப்பான்பூச்சி மாதிரி சக்கரங்களை மேலே தூக்கிக்கொண்டு கிடக்கிறது. பதினோரு வருஷம் நீ இழைத்து, தைத்து, ஒட்டியதெல்லாம் ஒரே மத்தியானத்தில். நான் டிக்கெட் கிழிக்கும் ஆள். விமானத்துக்கு முன்பக்கம் எது என்பதே நீ காட்டித்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் அதைப் பார்த்ததும் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். காவலாளி எனக்கு மாரடைப்பு என்று நினைத்துச் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
வாயாடி


அக்டோபர் 28

அன்புள்ள வாயாடிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாகவே இருக்கிறேன். படி ஏறினால்தான் மூச்சு வாங்குகிறது, அதனால் படியை விட்டுவிட்டேன். போனில் நாலு வார்த்தைக்கு மேல் ஓடவில்லை, அதனால் போனையும் விட்டுவிட்டேன். அது ஒரு விதத்தில் நல்லது. போனில் நீ யாரைப் பேசவிட்டாய்? உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உட்கார்ந்தே இருந்தால் வலிக்கத்தான் செய்யும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சிறகு இருக்கிறது, கரப்பான்பூச்சி இருக்கிறது, பல் வைத்தியர்கூட இருக்கிறார். எஞ்சினைப் பற்றி ஒரு வரி இல்லை. சிறகு வெறும் மரமும் துணியும்தான். இன்னொருவர் செய்துவிடுவார். எஞ்சின் நன்றாக இருந்தால் குருவி இருக்கிறது என்று அர்த்தம்.

நான் வேலையை விட்டுக் கிளம்பியபோது உன்னிடம் ஒரே ஒரு காரியத்தைத்தான் ஒப்படைத்தேன். சனிக்கிழமைதோறும் ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா பார், சக்கரத்துக்குக் கட்டை வை, முன்விசிறியைக் கையால் பிடித்து எட்டுச் சுற்று சுற்று, பதிவேட்டில் எழுது. சும்மா நிற்கிற எஞ்சினுக்குள் எண்ணெய் பரவ வேறு வழி கிடையாது. விட்டால் உள்ளே துருப்பிடித்து இறுகிப்போகும். நாலு வருஷமாக அந்தப் பக்கங்களை மாதாமாதம் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறாய். எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். மூன்றாவது சுற்றில் ஓர் இறுக்கம் வருமே, இப்போதும் வருகிறதா?

இன்னொன்று. சிரிக்காமல் படி. அந்த எஞ்சின் ஓடுவதை நான் ஒரு தடவை கேட்க வேண்டும். அது பறக்க வேண்டாம். தரையில் கட்டிவைத்து ஐந்து நிமிஷம் ஓட்டி, போனைப் பக்கத்தில் பிடித்தால் போதும். கேட்பதற்கு மூச்சு வேண்டியதில்லை.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


நவம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

வாயாடி. நலம். ஒத்தடம் கொடுத்தேன், முழங்கால் சரியாகி வலி இடுப்புக்கு மாற்றலாகிவிட்டது.

சிரிக்காமல்தான் படித்தேன். படித்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது சுற்றின் இறுக்கம் அப்படியே இருக்கிறது. கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி கொஞ்ச நேரம் நிற்கும், அப்புறம் யாரும் கெஞ்சவில்லை என்று தெரிந்ததும் தானாக நகரும்.

பதிவேடுதான் போய்விட்டது. அது இருந்த இரும்பு அலமாரியையே காணோம். புயல் கொண்டுபோய்விட்டது. ஊரில் இப்போது எல்லாவற்றையும் புயல்தான் கொண்டுபோயிருக்கிறது. தையற்காரர் ஆறு மாதமாக இழுத்தடித்த என் வீட்டுக்காரியின் துணி, பள்ளிக்கூடத்து எழுத்தரின் வருகைப் பதிவு, எதிர்வீட்டுக்காரர் இரவல் வாங்கிய என் ஏணி, எல்லாம் அந்த ஒரே செவ்வாய்க்கிழமைதான் போயின. ஏணி அவர் மாடியில் இருப்பது என் ஜன்னலிலிருந்தே தெரிகிறது. கேட்டால், "பறந்து போயிட்டுத் திரும்பி வந்துடுச்சு சார்" என்கிறார்.

ஒரு செய்தி. இரண்டில் ஒரு விமானத்தைத்தான் சரிசெய்ய முடியும் என்று காட்சிசாலைச் சங்கம் முடிவு செய்துவிட்டது. மற்றதைப் பிரித்து உதிரியாக எடுத்துக்கொள்வார்கள். வெளியூரிலிருந்து ஒரு பரிசோதகரை வரவழைக்கிறார்கள். எஞ்சினைத் திறந்து பார்த்து, எது நன்றாக இருக்கிறதோ அது பிழைக்கும். செயலாளருக்குத் தகர டப்பா மேல் ஒரு கண் என்பது உனக்குத் தெரியும். மனதைத் தயார் செய்துகொள்.

மூச்சைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே?

வாயாடி


நவம்பர் 17

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். கையெழுத்து கோணுகிறது என்று எழுத வேண்டாம், எனக்கே தெரிகிறது. மூக்கில் ஒரு குழாய் மாட்டியிருக்கிறார்கள், குனிந்தால் இடிக்கிறது.

எஞ்சினைத் திறந்து பார்க்கட்டும். திறந்து பார்ப்பதற்கு யார் பயப்பட வேண்டும்? தகர டப்பா எட்டு வருஷமாக யாரும் தொடாமல் நிற்கிறது. குருவிக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆள் இருந்திருக்கிறது.

பதிவேடு போனால் போகட்டும். என்னிடம் நாற்பத்தொன்பது பக்கம் ஜெராக்ஸ் இருக்கிறது. செயலாளருக்கு அனுப்பிவைக்கட்டுமா? நீ அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று எழுது. வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தாலும் எழுது.

இடுப்புக்கும் ஒத்தடம் கொடுக்கலாம்.

அக்கா


நவம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். குழாய் எதற்கு? எத்தனை நாளைக்கு? உன் மகளிடம் கேட்டால் "டாக்டர் சொல்லியிருக்காரு மாமா" என்று ஒரே பதில். டாக்டர் என்ன சொன்னார் என்பது அதில் இல்லை.

ஜெராக்ஸெல்லாம் அனுப்ப வேண்டாம். தபாலில் தொலைந்தால் உனக்குத்தான் மனக்கஷ்டம். தவிர, தேவையும் இல்லை. அலமாரி கிடைத்துவிட்டது. கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற குட்டையில் தண்ணீர் வடிந்ததும் ஒரு மூலை தெரிந்ததாம். காவலாளி கயிறு கட்டி இழுத்துப் போட்டான். பூட்டு திறக்கவே இல்லை. உள்ளே ஒரு தாள்கூட நனையவில்லை. கூரை போயிற்று, சுவர் போயிற்று, ஐந்து விமானம் போயிற்று, அந்த அலமாரியை மட்டும் எந்தப் புண்ணியவான் செய்தானோ தெரியவில்லை. பதிவேடு இப்போது செயலாளர் மேஜையில் இருக்கிறது.

பரிசோதகர் டிசம்பர் 13 வருகிறார். அக்கா, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. தகர டப்பாவும் பாவம்தானே. அதுவும் யாரோ ஒருவர் ஓட்டியதுதான். விட்டுக்கொடுத்தால் என்ன?

சும்மா தோன்றியதை எழுதினேன்.

வாயாடி


டிசம்பர் 5

வாயாடி,

நலம். நீளமாக எழுத முடியவில்லை.

விட்டுக்கொடுக்க மாட்டேன்.

திறக்கும்போது நீ பக்கத்தில் இரு. நான் இருந்திருந்தால் நான் நின்றிருப்பேன். டிக்கெட் கொடுக்கும் அறையில் உட்கார்ந்துகொள்ளாதே.

அக்கா


டிசம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ எழுதியபடி பக்கத்திலேயே நின்றேன்.

தகர டப்பாதான் என்று முடிவாகிவிட்டது. உன் எஞ்சினில் புயல் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டதாம். தலைகீழாகக் கிடந்ததல்லவா, எல்லாத் துவாரத்தின் வழியாகவும் போயிருக்கிறது. யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்கள். சுத்தியலால் தட்டிக்கூடப் பார்த்தார்கள்.

விசிறி மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. அதை அலுவலகச் சுவரில் மாட்டலாமா என்று செயலாளர் கேட்டார். மாட்டுங்கள் என்றேன். என் நாற்காலிக்கு நேர் எதிரில் மாட்டியிருக்கிறார்.

மனதைத் தளரவிடாதே. சாப்பிடு. தூங்கு.

உன் தம்பி


ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இருபத்தைந்து நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரரை வழியிலேயே மடக்கிக் கேட்கிறேன். என்னைப் பார்த்தால் இப்போது எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார். உன் மகள் "அம்மா தூங்குறாங்க" என்கிறாள். எப்போது கேட்டாலும் தூங்குகிறாய். நீ பகலில் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை.

போன கடிதத்தில் நான் எழுதியது பொய். இனி உண்மை.

அன்றைக்கு எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் பரிசோதகர் பதிவேட்டைக் கேட்டார். ஒல்லியான மனிதர், சத்தமே எழாத குரல். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து வாசித்தார். "அக்டோபர் பதினெட்டு, எட்டுச் சுற்று. இருபத்தஞ்சு, எட்டுச் சுற்று. நவம்பர் ஒண்ணு, எட்டுச் சுற்று." நவம்பர் இருபத்தொன்பது வரை இருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "புயல் என்னிக்கு அடிச்சுது?" என்றார்.

"பதினாலு" என்றார் செயலாளர்.

"பதினெட்டாம் தேதி விமானம் எப்படி இருந்துச்சு?"

"தலைகீழா."

"இந்தப் புத்தகம்?"

"குட்டைக்குள்ள சார்" என்றான் காவலாளி.

"அப்போ எழுதினவருக்கு நீச்சல் நல்லா தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். பழக்கதோஷம். அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்ததால் நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபர் முதல் வாரத்திலேயே இரண்டு மாதத்துக்குச் சேர்த்து எழுதி வைத்திருந்தேன், அக்கா. வாரா வாரம் அலமாரியைத் திறப்பது சிரமமாக இருந்தது. சோம்பேறித்தனத்திலும் எனக்கு ஒரு முன்யோசனை உண்டு.

எஞ்சினைத் திறந்தார்கள். உள்ளே செங்கல் நிறம். பரிசோதகர் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இது புயல் பண்ணினது இல்ல. இது ரெண்டு மூணு வருஷத்துத் துரு" என்றார். யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. தகர டப்பாவின் எஞ்சின் இதைவிட நன்றாக இருந்தது.

முதல் வருஷம் சுற்றினேன். அது சத்தியம். அப்புறம் எழுதினேன், அவ்வளவுதான். அலமாரி காணோம் என்றதும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? மூன்றாவது சுற்றின் இறுக்கமும் பொய்தான். வருகிறதா என்று நீ கேட்டாய், வருகிறது என்று எழுதிவிட்டேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

தம்பி


ஜனவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்கள், நான் சேர்த்து எழுதியிருக்கிறேன். இனி அம்மா:

வாயாடி, நான் இருக்கிறேன். உன் இடுப்பு எப்படி இருக்கிறது?

மூன்றாவது சுற்றில் இறுக்கம் என்று ஒன்றும் கிடையாது. அந்த எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை கையை இழுத்துப் பிடிக்கும். ஒரு மாதம் சுற்றாமல் விட்டவனுக்குக்கூட அது மறக்காது. உனக்கு மறந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்டேன்.

ஆனால் அதற்கு முன்னாலேயே தெரியும். முதல் வருஷம் பதிவேட்டில் நீ என்னென்ன எழுதினாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "எட்டுச் சுற்று. ஐந்தாவதில் குருவி ஏப்பம் விட்டது." "எட்டுச் சுற்று. மூக்கில் எண்ணெய், வீட்டுக்காரி கிட்டே வரவில்லை." "எட்டுச் சுற்று. ஒன்பதாவதைக் கேட்டது, நான் கொடுக்கவில்லை." மாதக் கடைசியில் அந்தப் பக்கம் வந்தால் இரண்டு நாள் அதையே படிப்பேன். ஒரு செப்டம்பரில் வெறும் "எட்டுச் சுற்று" என்று வந்தது. அப்புறம் எல்லாமே அப்படித்தான். நீ ஒரு காரியத்தைச் செய்துவிட்டு அதைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தாய் என்றால் யார் நம்புவார்கள்?

ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டால் நீ சொல்லிவிடுவாய். நீ சொல்லிவிட்டால் அங்கே எனக்கென்று ஒன்றும் இல்லை. கேட்காத வரைக்கும், பத்து வாரத்துக்கு ஒரு தடவையாவது சுற்றியிருப்பான் என்று வைத்துக்கொண்டு தூங்கலாம். எஞ்சினைத் திறக்கிற நாள் வரைக்கும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

கோபம் இருக்கிறது. அதைத் தூக்கிப் பிடிக்கத்தான் மூச்சு போதவில்லை.

அந்தச் சத்தம் இனி கிடைக்காது. அதற்குப் பதில் எனக்கு வேறொன்று வேண்டும். வெறும் எட்டு என்று எழுதிய சனிக்கிழமைகளை எண்ணச் சொன்னேன். நூற்று அறுபது. அந்த நூற்று அறுபது சனிக்கிழமையும் சுற்றாமல் நீ என்ன செய்தாய் என்று எழுது. ஒவ்வொன்றாக, தேதி போட்டு. ஞாபகம் இல்லையென்றால் ஞாபகம் இல்லை என்று எழுது. ஜோடிக்காதே. பழைய பதிவேடு மாதிரி இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு அனுப்பினால் போதும், அவசரமில்லை.

அக்கா

மாமா, இது நான். அம்மா தூங்கிவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கொஞ்சம் சேர்த்தே அனுப்புங்கள்.


ஜனவரி 31, சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

வாயாடி எழுதிக்கொள்வது. இடுப்பு பரவாயில்லை. வீட்டுக்காரி உன்னை விசாரித்தாள். உன் கடிதத்தை அவளிடமும் படித்துக் காட்டினேன். சாயங்காலம் வரை அவள் என்னோடு பேசவில்லை. இந்த வீட்டில் அது பெரிய விஷயம்.

உறையில் முதல் நாற்பது சனிக்கிழமை இருக்கிறது, மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்தச் செப்டம்பரிலிருந்து. தபால்காரர் என் கையில் இருந்த தாள்கட்டைப் பார்த்து, "என்ன சார், கதையா?" என்றார். இல்லை என்றேன். அவசரமில்லை என்று நீ சொன்னாய். கையோடு எழுத வந்தது, எழுதிவிட்டேன். மற்றவற்றையும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். உன் மகளைப் படிக்கச் சொல்லிக் கேள். கேட்பதற்கு மூச்சு வேண்டியதில்லை என்று எழுதியிருந்தாயே.

உன் தம்பி
வாயாடி

செப்டம்பர் 24. சுற்றவில்லை. காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டேன். தூறிக்கொண்டிருந்தது. டிக்கெட் அறையிலிருந்து கொட்டகைக்கு அறுபது அடி இருக்கும். குடை கையில் இருந்தது. கதவு வரை வந்து, அங்கிருந்தே குருவியின் மூக்கைப் பார்த்தேன். விசிறியின் ஒரு முனை கீழே பார்த்தபடி நின்றது. நாளைக்கு வந்து சுற்றினால் ஒன்றும் ஆகிவிடாது என்று தோன்றியது. திரும்பிப் போய் உட்கார்ந்து எட்டு என்று எழுதினேன். பெரிய மழை இல்லை, அக்கா. போயிருக்கலாம்.

அக்டோபர் 1. சுற்றவில்லை. அன்றைக்கு மழையே இல்லை.